ஒரு மருமகனுக்கு இரண்டு அடிக்காரர்

சித்தப்பாவை நினைத்தால் எனக்கு முதலில் கண்முன்னே வருவது ஒரு குளிர்கால ஞாயிறு மதியம், பாரிஸின் லா சப்பலில் நான் வேலை செய்கிற ரோல்ஸ் கடையில், கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்து முக்காலியில் அவர் இருந்த இருப்புத்தான். மாதா கோயில் பூசை முடிந்து வந்த ஆட்கள் குளிருடுப்பைக்கூடக் கழற்றாமல் மேசையைச் சுற்றி நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா ரோல் ஒன்றில் ஒரு கடி கடித்துவிட்டு, மிச்சத்தைக் கடதாசியில் சுற்றி, பிறகு அவிழ்த்து, திரும்பவும் சுற்றிக்கொண்டிருந்தார். அங்கே அலசப்பட்டது எங்கள் ஊர்க் கழகத்தின் அடுத்த கோடைக்கான கரப்பந்து அணி. ஆனால் வெளியாள் ஒருவர் காது கொடுத்திருந்தால் இது கலியாணப் பேச்சென்றுதான் நினைத்திருப்பார். யாருடைய தாய் எந்த ஊர், எவன் எங்கே பெண் எடுத்தான், எந்தக் கலியாணம் நிற்கும், எது நிற்காது என்று போனது கதை. அந்தக் கதையின் நடுவில் கிடந்தது சித்தப்பாவின் ஒரே மகளின், எனக்குத் தங்கச்சி முறையானவளின், கலியாணம்.

இதைக் கொஞ்சம் விளக்கித்தான் சொல்லவேண்டும். பாரிஸில் எங்களுடைய ஆட்களின் கரப்பந்துக் கழகங்கள் எல்லாம் ஊர்ப் பெயரில் இருப்பவை. ஒரு கழகத்துக்கு விளையாடத் தகப்பன் அந்த ஊராக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் தாய், அதுவும் இல்லாவிட்டால் பெண் எடுத்த ஊர். கட்டினவன் பெண்வீட்டோடு போய் இருப்பதுதானே எங்கள் பக்கத்து வழக்கம், அதை அப்படியே பந்தடிக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு கழகத்தில் பெயர் பதிந்தவன் இன்னொன்றுக்குப் போவதென்றால் முதற் கழகம் மனமொத்து விடவேண்டும். ஆகையால் எங்களிடத்தில் ஆட்டக்காரர் கைமாறுவது பெரும்பாலும் கலியாண மண்டபத்தில்தான். கோடைப் போட்டி முடிந்தால் குளிர்காலம் முழுக்க இதே கதைதான். எந்த வீட்டில் பெட்டை இருக்கிறாள், எந்த உயரமான பெடியன் இன்னும் கட்டவில்லை என்று லா சப்பல் முழுக்கத் துருவுவார்கள். என்னையும் ஒருமுறை, பந்தை ஓங்கி அடிக்கிற ஓர் அடிக்காரனுக்குக் கேட்டு வந்தார்கள். ஆள் என்ன வேலை, என்ன குணம் என்று ஒருத்தருக்கும் சொல்லத் தெரியவில்லை, துள்ளினால் முழங்கை வலைக்கு மேலே நிற்கும் என்றார்கள். எங்கள் வீட்டில் வலை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அதற்கு முந்தின கோடை எங்களுக்குச் சரியான அடி. எங்களுடைய ஒரே நல்ல அடிக்காரன் வேறோர் ஊர்ப் பெட்டையைக் கட்டிக்கொண்டு அந்தக் கழகத்துக்குப் போய்விட்டான். கலியாணத்துக்கு எங்களுடைய ஆட்களையும் கூப்பிட்டிருந்தான். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி இருந்து சாப்பிட்டுவிட்டு எழும்பி வந்தார்கள். லா கூர்னெவ் பூங்காவில் நடந்த போட்டியில் ஓர் ஆட்டமாவது வென்றோமா என்றால், இல்லை. கடைசி ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் எங்களில் இரக்கப்பட்டு வயதுபோனவர்களை இறக்கியது, அவர்களிடமும் தோற்றோம். வருகிற கோடையும் கடைசியாக வந்தால் அதோடு வெளியில்தான், வரிசையில் காத்துக்கொண்டு வேறு கழகங்கள் இருக்கின்றன என்று போட்டிக் குழு சொல்லிவிட்டது.

கேட்கிறவர்களுக்கு இது பகிடியாக இருக்கலாம். கழகத்தின் மனேச்சரான சித்தப்பாவுக்கு அப்படி இல்லை. சித்தி இங்கே வந்த கொஞ்சக் காலத்திலேயே நோயில் போய்விட்டா. மார்க்ஸ் டோர்மோயில் ஓர் அறை வீட்டில், உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டே மகளை வளர்த்தெடுத்தவர் அவர். மகளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிடப் பழகியதும், கோயிலில் முதல் நன்மை எடுக்கிற உடுப்புக்குத் தானே கரை தைத்ததும் எனக்குத் தெரியும். அந்த உணவகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் மிகக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை லா சப்பல் மெத்ரோப் படியால் இறங்கினால் மட்டும் "மனேச்சர், மனேச்சர்" என்று நாலு பக்கத்திலிருந்தும் குரல் வரும். அந்தச் சத்தத்துக்கு அவருடைய முதுகு நிமிர்வதை நான் கடைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்திருக்கிறேன். ஊர்ச்சனம் கனடா, லண்டன் என்று சிதறிப்போக, இங்கே மிஞ்சிய கொஞ்சப் பேர் ஒன்றாய்க் கூடுவதற்கும் இந்தக் கழகத்தைத் தவிர வேறு சாட்டு இருக்கவில்லை. அது போனால் தான் வெறும் கோப்பை கழுவுகிற மனிசன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

எங்களிடம் மிஞ்சியிருந்த ஒரே நல்ல ஆட்டக்காரன் சித்தப்பாவின் மருமகன். வலையடியில் நின்று, அடிக்கிறவனுக்குப் பந்தை உயர்த்திக் கொடுக்கிற ஆளைச் செற்றர் என்பார்கள். அந்த வேலையில் பாரிஸில் அவனுக்கு நிகராக ஒருத்தன் இல்லை என்பதை எதிரிகளே ஒத்துக்கொள்வார்கள். பந்து அவனுடைய விரலில் பட்டால் சத்தமே கேட்காது. "என்ன கையடாப்பா, பஞ்சு மாதிரி" என்று எங்கள் கழகத்து மீன்கடை அண்ணை கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். தங்கச்சிக்கு அவனைப் பேசி முடித்தபோது கழகத்தில் வெடி கொளுத்தாத குறை. "நீங்கள் எடுத்தது மருமகனோ, செற்றரோ?" என்று நானே சித்தப்பாவைக் கேட்டேன். "ரெண்டும் ஒருத்தன்தானே பிள்ளை" என்று சிரித்தார். குற்றம் சொல்ல அப்போது அவனில் ஒன்றும் இருக்கவுமில்லை. நல்ல வேலை, குடி இல்லை, பூசை தவறமாட்டான்.

அந்தக் குளிர்காலத்தில்தான் மருமகனின் தகப்பன் ஊர்க் கழகம் பேச்சோடு வந்தது. தங்களுடைய பெடியனைத் திருப்பித் தாருங்கள், பதிலுக்கு அண்ணன் தம்பி இரண்டு பேரைத் தருகிறோம் என்றார்கள். அந்த இரண்டு பேருக்கும் தாய் எங்கள் ஊர். இங்கே பிறந்த பெடியள், தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வார்கள், எங்கள் ஊர் எந்தத் திசையில் இருக்கிறதென்றே அவர்களுக்குத் தெரியாது. ஆனால் வாசலில் குனிந்துதான் வருவார்கள், அவ்வளவு உயரம். பேச்சு நல்லதுதான், ஆனால் ஒரு சிக்கல். கலியாணத்தால் எங்களுக்கு வந்தவன், கலியாணம் குழம்பினால் தன்பாட்டில் தகப்பன் ஊருக்குத் திரும்பிப் போகலாம், யாரும் விடத் தேவையில்லை. அப்படி நடந்தால் அவர்கள் எங்களுக்கு ஒருத்தனையும் தரவும் தேவையில்லை. கோடைப் போட்டிக்கு ஆட்டக்காரர் பெயர் கொடுக்கிற நாள் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. அதுவரைக்கும் அந்தக் கலியாணம் நிற்கவேண்டும்.

அந்தக் கிழமைதான் தங்கச்சி கடைக்கு வந்தாள். வேலை நாள், ஆட்கள் இல்லாத நேரம். பின்பக்கத்தில் நான் பற்றிஸ் பொரித்துக்கொண்டிருக்க, சித்தப்பா உருளைக்கிழங்கு உரித்துத் தந்துகொண்டிருந்தார், வேலை இல்லாத நாட்களில் அப்படி வந்து கைகொடுப்பார். அவள் குளிருடுப்போடு கதவடியில் நின்றபடியே சொன்னாள்.

"அப்பா, எனக்கு இனி அவரோடை இருக்கேலாது. லோயர் ஒருத்தியோடை கதைச்சிட்டன். திவோர்ஸ் எடுக்கலாமாம்."

சித்தப்பா கத்தியை வைத்தார். குடிக்கிறானோ என்று கேட்டார், இல்லை என்றாள். வேறு ஆரோடும் தொடர்போ என்று கேட்டார், அதுவும் இல்லை என்றாள். "ஒத்துவரேல்லை அப்பா. அவ்வளவுதான்" என்றாள். அவர் உரித்த கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் ஓடிய கணக்கு எனக்கு விளங்கியது, அவளுக்கும் விளங்கியிருக்கும். கடைசியில் அவர் மெல்லச் சொன்னார்.

"ஈஸ்டர் கழியட்டும் பிள்ளை. பேர் குடுக்கிற நாள் முடியட்டும். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. பிறகு எங்கை போகவேணுமெண்டாலும் நானே உன்னோடை வாறன்."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. "உங்களுக்கு விசரோ சித்தப்பா? அவளின்ரை சீவியத்திலையோ மட்ச் விளையாடுறியள்?" என்று எண்ணெய்க் கரண்டியோடு திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு மனேச்சரும் இல்லை, ஒரு தகப்பனும் இல்லை, தண்ணீருக்குள் போய்க்கொண்டிருக்கிற ஒரு மனிசன்தான் இருந்தார். தங்கச்சி என் தோளைத் தொட்டு, "விடுங்கோ அக்கா, கொஞ்ச நாள்தானே" என்றாள். அந்த வருஷம் ஈஸ்டர் பிந்தித்தான் வந்தது.

நான் முதலில் சொன்ன ஞாயிறு அதற்குப் பிறகு வந்தது. கழகத்து நகைக்கடை அண்ணைக்கு இந்த ஆள் மாற்றம் உடனே நடக்கவேண்டும். "ஒண்டைக் குடுத்து ரெண்டு எடுக்கிறம். இதைவிட என்ன வேணும் உங்களுக்கு?" என்று மேசையில் தட்டினார். மீன்கடை அண்ணை விடவில்லை. "ரெண்டு பேரும் வந்து என்னத்தை அடிக்கிறது? பந்தைத் தூக்கிக் குடுக்கிறது ஆர், நீரோ?" என்றார். நகைக்கடை அண்ணை சித்தப்பாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "புருசன் பெண்சாதி ரெண்டும் முகம் குடுத்துக் கதைக்கிறேல்லையாம். கதை வெளியிலை போகமுன்னம் மாத்திப்போடவேணும். பிறகு அவனும் இல்லை, அவங்களும் இல்லை." அதற்கு மீன்கடை அண்ணை சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "குழம்பினாத்தான் என்ன? கோயில்லை கட்டின கலியாணம். கோர்ட்டிலை என்னத்தை எழுதினாலும் கடவுளுக்கு முன்னாலை அவன் எங்கடை ஊர் மாப்பிள்ளைதான். ரெண்டிலை ஒண்டு செத்தாத்தான் அவனை விடவேணும்." ஆட்கள் யோசித்தார்கள். நல்ல நியாயம் என்று இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். பாதரிடம் ஒரு சொல் கேட்டுப் பார்ப்போமா என்றுகூட ஒருத்தர் சொன்னார். அவர்கள் கெட்ட மனிசர் இல்லை. சித்திக்கு முடியாமல் இருந்தபோது முறைவைத்துச் சாப்பாடு கொண்டுபோனவர்கள். அந்தக் குளிர்காலத்தில் மட்டும் அவர்களுக்குக் கண்ணில் வேறொன்றும் படவில்லை. சித்தப்பா கடதாசியைச் சுற்றிக்கொண்டே, "மாத்துவம்" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது.

பிறகு ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முழுக்க தங்கச்சி ஞாயிறு தவறாமல் புருசனோடு பூசைக்கு வந்தாள். பூசை முடிய இரண்டு பேரும் கடைக்கு வருவார்கள். அவன் எல்லோரோடும் நல்லமாதிரிக் கதைப்பான். அவள் பக்கத்தில் குளிருடுப்போடு நிற்பாள், கடைக்குள் சூடு, கழற்றிவிட்டு இரு பிள்ளை என்றால், இப்போது போகப்போகிறோம் என்பாள். ஆட்கள் அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். வாழ்க்கையில் அவளுக்குத் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்திராத நகைக்கடை அண்ணை கதிரை இழுத்துப் போட்டார். "சந்தோசமாய் இருக்கவேணும் பிள்ளை, ரெண்டு பேரும்" என்று சொல்லும்போது அவர் குரலில் இருந்தது உண்மையான ஏக்கம். அவள் ஓம் அண்ணை என்பாள். சித்தப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கேயோ பார்ப்பார். ஒருநாள் அவர் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அவள் மெலிஞ்சு போனாள் என்ன?" என்று கேட்டார். கண்ணிருந்தால் நீங்களே பாருங்கோ என்றேன். தவக்காலம்தானே, சாப்பாட்டைக் குறைத்து ஒருசந்தி பிடிக்கிறாள்போல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஈஸ்டர் கழிந்தது. அடுத்த ஞாயிறு பெயர் கொடுத்தார்கள், மாற்றம் முடிந்தது, மருமகன் அந்தப் பக்கம், அண்ணன் தம்பி இரண்டு பேரும் இந்தப் பக்கம். சித்தப்பா கடைக்கு வந்தபோது பத்து வயது குறைந்திருந்தார். எல்லோருக்கும் ரோல்ஸ் கொடு என்றார். நகைக்கடை அண்ணை அவரைக் கட்டிப்பிடித்து, இப்படியொரு மனேச்சர் எந்த ஊருக்கு வாய்க்கும் என்றார். ஆட்கள் கலைந்து போய்க் கொஞ்ச நேரத்தில் தங்கச்சி வந்தாள். புருசனோடு இருந்த வீட்டிலிருந்து நடந்தே வந்திருந்தாள், கையில் ஒரு பயணப் பை. நேரே பின்பக்கம் போய், மாதக்கணக்கில் எங்களுக்கு முன்னால் கழற்றாத அந்தக் குளிருடுப்பைக் கழற்றினாள்.

மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் இருந்தது. பழையவை மஞ்சளாகிக்கொண்டிருந்தன, புதியவை நாவல் நிறத்தில் நின்றன. விரல் பதிந்த அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்போல இருந்தது. பஞ்சு மாதிரிக் கை என்று ஊரே சொன்ன கை. சித்தப்பா அரிசி மூட்டையில் அப்படியே இருந்துவிட்டார். "எப்ப தொடக்கம்?" என்று கேட்டார். "கிறிஸ்மஸுக்கு முன்னமே தொடங்கிட்டுது அப்பா" என்றாள். அப்படியென்றால் அவர் பொறு என்று சொன்ன அன்றும் அந்தக் குளிருடுப்புக்குள்ளே இது இருந்திருக்கிறது.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?" என்றார். கேட்கும்போதே அழுதுவிட்டார்.

அவள் அழவில்லை. பையிலிருந்து ஒரு துணி எடுத்து அவருக்கு முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "சொல்லியும் நீங்கள் ஈஸ்டர் கழியட்டும் எண்டு சொல்லியிருந்தா, பிறகு எனக்கு அப்பா இல்லை. அம்மாவும் இல்லை. அதுதான் நான் சொல்லேல்லை."

பிறகு, "வாங்கோ அப்பா, பொலிசுக்குப் போகவேணும். நீங்கள் வாறன் எண்டு சொன்னனீங்கள்" என்று அவரை எழுப்பினாள். இரண்டு பேரும் மேலே ஓடுகிற மெத்ரோவின் கீழால் நடந்து போனார்கள். அவர்தான் அவளைப் பிடித்துக்கொண்டு நடந்தார், பாதை தெரியாதவர் மாதிரி.

அந்தக் கோடை நாங்கள் வென்றோம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் அடித்த அடிக்கு லா கூர்னெவ் பூங்காவில் ஒருத்தரும் நிற்கவில்லை. அவன் எதிர்ப்பக்கத்தில் நின்று அதே கையால் பந்தைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். பொலிஸ் முறைப்பாடு எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது, அது குடும்பப் பிரச்சினை என்றார்கள். "நல்லகாலம், குழம்பமுன்னம் மாத்தினது" என்று மீன்கடை அண்ணை சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, அதுதான் தாங்கமுடியாதது. கிண்ணத்தைக் கொண்டுவந்து என்னுடைய கண்ணாடிப் பெட்டிக்கு மேலே வைத்துப் படம் எடுத்தார்கள். சித்தப்பா அன்று வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு உணவகத்துக்குப் போயிருந்தார். அடுத்த நாள் மனேச்சர் பதவியை விட்டுவிட்டார். உச்சியில் நிற்கும்போதே விட்டான் பார் என்று அதற்கும் புகழ்ந்தார்கள்.

தங்கச்சி இப்போது வேறு நகரத்தில் பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் வேலை செய்கிறாள். விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டது, ஆள் தேறிவிட்டாள், சிரிப்பும் வந்துவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் தகப்பனுக்குப் போன் எடுப்பாள். சாப்பிட்டியளோ, மருந்து போட்டியளோ, கால் நோவு எப்படி என்று கேட்பாள். ஒருநாளாவது ஒரு சொல் குத்திச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவருக்கு ஆறியிருக்கும் என்று சில நேரம் நினைப்பேன்.

இங்கே இந்தக் குளிர்காலமும் கதை அதேதான். அண்ணன் தம்பியில் மூத்தவன் கட்டப்போகிறான், பெட்டை எந்த ஊர் என்று தெரியாமல் ஆட்களுக்கு நித்திரை இல்லை. வாதம் முற்றினால், "எங்கடை மனேச்சர் செய்த மாத்தம் மாதிரி ஒண்டு இனி ஆரும் செய்யேலாது" என்று யாராவது சொல்வார்கள். அதனால்தான் சித்தப்பா ஞாயிறுகளில் லா சப்பல் பக்கம் வருவதில்லை. வேலை நாளில், ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து வந்து, பின்பக்கத்தில் கிழங்கு உரித்துத் தருவார். போன கிழமையும் வந்தார். தங்கச்சி போன் எடுத்தாளா என்று கேட்டேன், எடுத்தவள் என்றார். கொஞ்ச நேரம் உரித்தார். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னார்.

"நான் அவள் வந்து சொன்ன அந்த நாளைத் திருப்பித் திருப்பி நினைச்சுப் பாக்கிறன் பிள்ளை. உதிலைதான் நிக்கிறாள். அண்டைக்கே உடுப்பைக் கழட்டிக் கையைக் காட்டுறாள். நான் வடிவாய்ப் பாக்கிறன். எல்லாம் எனக்கு விளங்குது. பிறகு வாயைத் திறக்கிறன். ஒவ்வொரு தரமும் 'ஈஸ்டர் கழியட்டும்' எண்டுதான் வருது."